கோத்தகிரி தகரக்கடை மழைமானி: ஒரு பருவமழை முழுக்க வைத்துப் பார்த்தபின்

கோத்தகிரி மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் தகர வேலைக் கடை இருக்கிறது. மண்ணெண்ணெய்ப் புனல், கூரைத் தண்ணீர் வடிகிற தகரக் குழாய், டீக்கடை பாய்லருக்குப் பற்றவைப்பு, இதெல்லாம்தான் அங்கே தினசரி வேலை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார், ஒற்றை ஆளாக வேலை செய்கிறவர், ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்து நின்றால் அவரால் முடியாது. மார்க்கெட்டில் யாரிடமாவது "மழை டப்பா செய்கிற தகரக்கடை" என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

நான் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். செப்டம்பர் கடைசியில் அவரிடம் இரண்டு மழைமானி வாங்கினேன், ஒன்று 550 ரூபாய். ஐப்பசி கார்த்திகை முழுக்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் அளந்தோம். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன், நல்லதும் குறையும் சேர்த்து.

முதலில் ஏன் தகரம் என்று சொல்லிவிடுகிறேன். மழைமானி செய்முறை என்று எங்கே தேடினாலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மேலே வெட்டி, வெட்டிய வாயைத் தலைகீழாகச் செருகு என்றுதான் வரும். நீலகிரியில் அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கே தடை, பிள்ளைகளிடம் போய் பாட்டில் கொண்டு வாருங்கள் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அது மட்டுமில்லை, பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், பக்கச் சுவர் இடுப்பு போல உள்வாங்கியிருக்கும், அதில் அளக்கிற எண் பாதி நாள் பொய். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தகரப் புனல் வாங்கப் போனபோது அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நேர் சுவரா ஒரு டப்பா, மேல புனல், அவ்வளவுதானே டீச்சர்?" என்றார். அடுத்த வாரமே செய்து வைத்திருந்தார்.

மேலே 16 செ.மீ. வாயுள்ள புனல், கீழே அதே அகலத்தில் முப்பது செ.மீ. உயர தகர டப்பா, டப்பாவுக்குள் 5 செ.மீ. விட்டமும் கால் மீட்டர் உயரமுமாக ஒல்லியான உள்குழாய். புனலில் விழுகிற தண்ணீர் உள்குழாய்க்குள் போகும், குழாய் நிறைந்துவிட்டால் வழிந்து வெளி டப்பாவில் தங்கும். அளக்க ஒரு மூங்கில் குச்சி, பெட்ரோல் பங்க்கில் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார்களே அந்த மாதிரி. குச்சியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விட்டு எடுத்தால் ஈரக்கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் மழை. உடைவதற்குக் கண்ணாடி எதுவும் கிடையாது, கீழே விழுந்தால் நசுங்கும், தட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இதில் அழகு எங்கே என்றால் அந்த ஒல்லிக் குழாயில். மழையை மில்லிமீட்டரில் சொல்கிறோம், ஒரு மில்லிமீட்டர் தண்ணீரைக் குச்சியில் பார்த்துப் படிப்பது கஷ்டம். புனல் வாயின் பரப்பு குழாயின் பரப்பைப் போலப் பத்து மடங்கு இருந்தால், வெளியே ஒரு மில்லிமீட்டர் பெய்தது குழாய்க்குள் ஒரு சென்டிமீட்டராக எழுந்து நிற்கும். மோட்டாரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், வெறும் வட்டத்தின் பரப்பளவு. ஏழாம் வகுப்புக் கணக்கில் வட்டத்தின் பரப்பு வருகிறது, இத்தனை வருஷம் அதைக் கரும்பலகையில் வட்டம் போட்டுத்தான் நடத்தினேன். இந்த வருஷம் டப்பாவைக் கையில் கொடுத்தேன், அவ்வளவு வித்தியாசம்.

வித்தியாசம் என்றால் எப்படி என்று ஒரு உதாரணம். முதல் நாளே ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், பெரிய பாத்திரம் வெச்சா பெரிய மழைன்னு காட்டுமா?" எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பிடித்திருந்தது. பதில் சொல்லவில்லை. மறுநாள் தூறல் விழும்போது ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லி முற்றத்தில் வரிசையாக வைத்தோம், சத்துணவுக் கூடத்து அண்டா, எவர்சில்வர் டம்ளர், டிபன் கேரியர் அடுக்கு, வாய் விரிந்த ஒரு குண்டா. நேர் சுவர் உள்ளவை எல்லாவற்றிலும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே உயரம். குண்டா மட்டும் வேறு எண் காட்டியது. ஏன் என்று அவர்களே அரை மணி நேரம் வாதாடிக் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து, ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதுவரை நான் எதையும் தள்ள வேண்டியிருக்கவில்லை, அவர்களாகவே போனார்கள். பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு ராத்திரியில் எத்தனை குடம் விழுந்தது என்று கணக்குப் போட்டு, அது முழுக்க ஓடையில் போகிறதே என்று அவர்களுக்கே வருத்தம்.

இனி குறை. வாங்கியதும் அளவு சரியா என்று சோதித்தோம், எந்த அளவுக் கருவி வாங்கினாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். 16 செ.மீ. வாய் என்றால் பரப்பு 201 சதுர செ.மீ., அப்படியானால் 10 மி.மீ. மழைக்கு 201 மில்லிலிட்டர் தண்ணீர் பிடிக்க வேண்டும். அவ்வளவையும் அளந்து ஊற்றினால் குச்சி 10 காட்ட வேண்டும், 10.2 காட்டியது. ஊற்றியதில் தப்பு என்று நினைத்து மூன்று தடவை ஊற்றினார்கள், மூன்று தடவையும் 10.2 தான். பிறகு குழாயை அளந்து கணக்குப் போட்டதில் தெரிந்தது, பரப்பு பத்து மடங்கு சரியாக வர குழாயின் விட்டம் 5.06 செ.மீ. இருக்க வேண்டும், இருந்தது 5. அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் குறைவு, அளவில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கூடிவிடுகிறது. கடைக்குப் போய்ச் சொன்னோம். தகரத்தைச் சுற்றி உருட்டுவதற்கு அவரிடம் இருந்த இரும்புக் குழாய் 5 செ.மீ., அதனால் அந்த அளவு. பிள்ளைகள் நோட்டில் போட்ட கணக்கை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்துப் பார்த்தார். "குழாயை மாத்தறதைவிட குச்சியை மாத்திடலாம் டீச்சர்" என்றார். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே 1 செ.மீ.க்குப் பதில் 1.024 செ.மீ. விட்டுப் புதுக் குச்சி. அந்தக் கோடுகளைப் போட்டது என் பிள்ளைகள். இப்போது அவர் விற்கிற டப்பாக்களோடு வருவது அந்தக் குச்சிதான்.

இன்னொரு குறை, புனலில் வலை இல்லை. சில்வர் ஓக் இலையோ பூச்சியோ விழுந்தால் கழுத்து அடைத்துக்கொள்கிறது, ஒரு நாள் அளவு முழுசாகப் போய்விட்டது. ஒரு சின்ன கம்பி வலை வெட்டிப் போட்டுக்கொண்டோம். டப்பாவுக்குக் கைப்பிடியும் கிடையாது, ஈரக்கையில் வழுக்குகிறது. பற்றவைத்த ஓரத்தில் லேசாகத் துரு தெரிய ஆரம்பித்திருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

எங்கே வைப்பது என்பதில் நாங்கள் செய்த தப்புகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் இதுதான் பாதிப் பாடம். முதலில் மைதானத்து ஓரத்தில் சில்வர் ஓக் மரத்துக்குக் கிட்டே வைத்தோம். மழையே பெய்யாத ஒரு காலையில் டப்பாவில் 2 மி.மீ. இருந்தது. மூடுபனி இலையில் பட்டுச் சொட்டிய தண்ணீர் அது. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் மோதித் தெறிக்கிற துளியும் உள்ளே வரும். அதன்படி நடுவில் கொண்டுபோய் வைத்தோம், ராத்திரியில் காட்டெருமை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று முளை அடித்துக் கம்பியால் கட்டியிருக்கிறோம், இதுவரை நிற்கிறது.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு அளந்து என்ன கிடைத்தது? எனக்கே எதிர்பாராத ஒன்று கிடைத்தது. இரண்டாவது டப்பாவை ஒரு பையன் வீட்டில், கீழே அவர்கள் ஹட்டியில் (படுகர் ஊரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வைத்திருந்தோம், பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு நாள் காலை பள்ளியில் 38, அவன் வீட்டில் 11. அவன் தப்பாகப் படித்துவிட்டான் என்று எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான், ஆனால் விடவில்லை, "ரெண்டு டப்பாவையும் மாத்தி வைங்க" என்றான். மாற்றி வைத்தோம். அதற்கடுத்த நல்ல மழையிலும் மேலே அதிகம், கீழே குறைவு. டப்பாவில் தப்பில்லை, மலைதான் அப்படி. ஒரு சந்தேகம் வந்தால் கருவியை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பையன் சொல்கிறான், இதற்கு மேல் அறிவியல் பாடத்தில் எதைச் சொல்லித் தருவது?

நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுவது கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம். கிழக்கே கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. பெய்தது, அதே நாட்களில் எங்கள் பக்கம் அதில் ஒரு சிறு பங்குதான். 2009 நவம்பரில் நேர் எதிர், கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது, குன்னூர், கோத்தகிரி வட்டாரமெல்லாம் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நவம்பரைப் பற்றிப் பேச்சு வந்தால் இங்கே பல வீடுகளில் இன்னும் குரல் இறங்கிவிடும். அவலாஞ்சி மழையை எங்கள் டப்பாவில் பிடித்திருந்தால் எத்தனை லிட்டர் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள்: 18 லிட்டருக்கு மேல். ஆறு லிட்டர் பிடிக்கிற டப்பா மூன்று தடவை நிறைந்து, நாலாவது தடவை நிறைய ஆரம்பித்திருக்கும். 911 என்ற எண் அதுவரை அவர்களுக்கு வெறும் செய்தி. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது வகுப்பே அமைதியாகிவிட்டது.

அதனால் எனக்குத் தோன்றுகிற ஒரே விஷயம் இது: இந்த டப்பா பள்ளிக்கூடப் பாடக்கருவியாக மட்டும் நின்றுவிடக் கூடாது, ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு எண், இரண்டு எண் என்று செய்தியில் வருவது சமவெளிக்கு ஓரளவு போதும். ஒரு வளைவு திரும்பினால் மழை மாறுகிற இடத்துக்கு அது போதாது. தானாகப் பதிவு செய்கிற கருவி இருக்கிற இடங்களில் இருக்கட்டும், நல்லதுதான், இடைவெளிகளில் இந்த 550 ரூபாய் டப்பாவை வைக்கலாமே. இது புது யோசனையும் இல்லை. அர்த்தசாஸ்திரத்திலேயே பண்டகசாலைக்கு முன்னால் மழை அளக்கப் பாத்திரம் வைக்கச் சொல்லியிருக்கிறது. கொரியாவில் 1441இல் மழைமானி ஒன்றை உருவாக்கி, அடுத்த வருஷமே ஒரே அளவில் செய்து நாடு முழுக்க ஊர் நிர்வாகங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னார்கள். நம் ஊர்களில் பெரியவர்கள் "ஓர் உழவு மழை, ரெண்டு உழவு மழை" என்று சொன்னதும் அளவுதான், மண் எவ்வளவு நனைந்தது என்று தோண்டிப் பார்த்துச் சொன்னது.

எங்கே வைப்பது என்பதில்தான் நான் முதலில் தப்பாக யோசித்தேன். பள்ளிக்கூடம்தான் சரியான இடம் என்று நினைத்தேன். கார்த்திகையில் பட்டபிறகுதான் தெரிந்தது, பெருமழை என்றால் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள், எந்த நாளின் அளவு அதிகம் தேவையோ அந்த நாளில் அளக்க ஆள் இருக்காது. எங்கள் பதிவேட்டில் காலியாக இருக்கிற கட்டங்கள் எல்லாம் நல்ல மழை நாட்கள். தேயிலை எடை போடுகிற கொட்டகையில் வைக்கலாம் என்றால் பெருமழையில் இலை பறிக்க மாட்டார்கள், அதுவும் பூட்டியிருக்கும். யோசித்து யோசித்துக் கடைசியில் வந்து நின்ற இடம் பால் சொசைட்டி. மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் மாடு கறந்தாக வேண்டும், பால் வந்தாக வேண்டும், காலையில் அங்கே ஆள் இருப்பார்கள். வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையைத்தான் ஒரு நாள் மழையாகக் கணக்கு வைக்கிறது, பால் கணக்கு முடிகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். பாலின் அளவு எழுதுகிற கைக்கு மழையின் அளவு எழுதுவது பெரிய வேலை இல்லை. போர்டு ஏற்கனவே இருக்கிறது.

டப்பாவிலும் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன், அண்ணனும் சம்மதித்திருக்கிறார். வெளி டப்பாவின் அகலமும் புனல் வாயின் அகலமும் ஒன்றுதான், அப்படியானால் உள்குழாயை எடுத்துவிட்டால் டப்பாவில் நிற்கிற தண்ணீரின் உயரமே மழையின் அளவு. 64.5 மி.மீ. தாண்டினால் வானிலைத் துறைக் கணக்கில் கனமழை, 115.6இலிருந்து மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. அந்த மூன்று உயரங்களிலும் டப்பாவின் உட்சுவரில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று வளையம் பெயின்ட்டில் போட்டுவிட்டால் போதும். எச்சரிக்கை வந்த ராத்திரியில் உள்குழாயை எடுத்து வைத்துவிட்டு, டார்ச் அடித்து எந்த வளையம் மூழ்கியிருக்கிறது என்று பார்க்கலாம். எண் படிக்கத் தெரியாத பாட்டியும் பார்த்துச் சொல்லலாம். மேட்டை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு அது ஒரு தகவல், எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று முடிவு செய்ய உதவுகிற தகவல்.

அதே கடையில் சூரியக் கடிகாரமும் செய்கிறார், அதையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். தகரத் தட்டு, நடுவில் ஒரு கம்பி, கம்பியின் சாய்வை நம் அட்சரேகைக்கு ஏற்ப 11.4 பாகைக்கு அமைத்திருக்கிறார். ஊட்டி முத்தோரையில் 1970 முதல் இருக்கிற ரேடியோ தொலைநோக்கியும் இதே சங்கதிதான். 530 மீட்டர் நீளக் கருவியைச் சமதளத்தில் கட்டாமல், இந்த அட்சரேகைக்குச் சமமாக 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள், அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, ஒரே திசையில் சுழற்றினாலே வானத்துப் பொருளைத் தொடர முடிகிறது. இதை விளக்க அந்தத் தகரத் தட்டு நன்றாக உதவியது. இந்தச் சூரியக் கடிகாரம் கைக்கடிகாரத்தைவிடச் சுமார் 22 நிமிடம் பின்தங்கிக் காட்டும், நாம் இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் அப்படி, வருஷத்தில் மாதத்துக்கு மாதம் அது கொஞ்சம் கூடும் குறையும். ஆனால் மூடுபனிக் காலத்தில் வாங்காதீர்கள், பிள்ளைகள் நிழலுக்காகக் காத்துக் காத்துச் சோர்ந்துவிடுவார்கள். ஜனவரியில் வாங்குங்கள், வெயில் நன்றாக இருக்கும்.

மழைமானிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. வலையும் கைப்பிடியும் வந்துவிட்டால் ஐந்தும் கொடுப்பேன். வாங்குகிறவர்களுக்கு: சொல்லிவிட்டுப் பத்து நாள் பொறுக்க வேண்டும், முன்பணம் பாதி. குச்சி தனியாக 30 ரூபாய், இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று காணாமல் போகும். வேறு ஊரில் தகர வேலை செய்கிறவரிடம் செய்யச் சொல்வதானால் புனல் வாய் 16, உள்குழாய் 5.06, டப்பா உயரம் 30 என்று எழுதியே கொடுங்கள், வாயின் விளிம்பு கூராக, நெளியாமல் வட்டமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

மூன்றாவது டப்பாவை, மூன்று வளையங்களோடு, போன வாரம் வாங்கி வந்து பால் சொசைட்டி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி முளை அடித்து வைத்தோம். அங்கே கணக்கு எழுதுகிற அக்காவுக்குக் குச்சியில் சாக்பீஸ் தேய்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது அந்த ஹட்டிப் பையன்தான். இன்று காலை போர்டில் பாலின் அளவுக்குக் கீழே "மழை 4" என்று எழுதியிருந்தது.